உஷார்! மாதாமாதம் சுருட்டிப் போடும் வலி சாதாரணமானதில்லை

மாதவிடாய் வந்தால் பள்ளிக்குப் போக முடியாமல் உங்கள் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறாளா? கல்லூரியில் படிக்கும் தங்கை ஹாஸ்டல் கழிப்பறையில் வாந்தியெடுத்துவிட்டு, மாத்திரையை விழுங்கிக்கொண்டு வகுப்புக்கு ஓடுகிறாளா? உங்கள் மனைவி மாதம் தவறாமல் லீவு போட்டுவிட்டு, ஆபீஸில் 'தலைவலி' என்று காரணம் சொல்கிறாரா? தயவுசெய்து இதை முழுதாகப் படித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். 'பொம்பளைன்னா வயித்துவலி இருக்கத்தான் செய்யும்' என்று நாம் தள்ளிவிடும் அந்த வலிக்குப் பின்னால் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் இருக்கலாம். வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் சினைப்பை, கருக்குழாய், குடல் என்று பரவி, சிறுநீரகத்தின் வழியைக்கூட அது அடைத்துவிடக்கூடும்.

அரிதான நோய் என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவிகிதம் பேருக்கு, அதாவது உலகம் முழுக்க சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் சொந்தத்தில், தெருவில், அலுவலகத்தில் பத்துப் பெண்களை எண்ணினால் அதில் ஒருவர். இவ்வளவு பேருக்கு இருந்தும், வலி தொடங்கிய நாளிலிருந்து நோயின் பெயர் தெரிவதற்குள் பல நாடுகளில் ஆறேழு வருடங்களுக்கு மேல் ஓடிவிடுகின்றன. பெரிய மருத்துவமனைகளும் வசதிகளும் உள்ள நாடுகளிலேயே இந்தக் கதி. மாதவிடாயைப் பற்றி அப்பா முன்னால் வாயைத் திறக்கக்கூடத் தயங்கும் வீடுகளில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். கர்ப்பப்பையின் உட்புறத்தில் ஒரு மெல்லிய படலம் உண்டு. கருவை எதிர்பார்த்து மாதாமாதம் அது தடிக்கும். கரு தங்காவிட்டால் உதிர்ந்து மாதவிடாயாக வெளியேறும். இந்த நோயில், அதே படலத்தைப் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே, இருக்கக் கூடாத இடங்களில் ஒட்டி வளர்கிறது. சினைப்பையின் மேல், கர்ப்பப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், குடலில், சிறுநீர்ப்பையில், வெகு அரிதாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானத்தில்கூட. ஹார்மோன் ஏறி இறங்கும்போது அந்தத் திசுவும் தடிக்கிறது, கசிகிறது. ஆனால், அங்கே கசியும் ரத்தத்துக்கு வெளியே வர வழி இல்லை. சுற்றியுள்ள இடம் புண்ணாகி, வீங்கி, ஆறித் தழும்பாவதற்குள் அடுத்த மாதத் தேதி வந்துவிடும். மறுபடி புண். இப்படி ஏறிக்கொண்டே போகும் தழும்பு, ஒரு கட்டத்தில் கோந்து தடவியதுபோல கர்ப்பப்பை, சினைப்பை, குடல் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது.

சினைப்பைக்குள் இது நடந்தால் பழைய ரத்தம் தேங்கிக் கெட்டியாகிக் கரும்பழுப்பு நிறக் கட்டியாகும். ஸ்கேன் சென்டரில் 'சாக்லேட் சிஸ்ட்' என்று சொல்வது இதைத்தான். எல்லாரும் சொல்கிற நீர்க்கட்டி, அதான் பிசிஓடி, அதுதான் இது என்று பலர் நினைத்து ஆறுதல் அடைகிறார்கள். இரண்டும் வேறு வேறு. பிசிஓடி உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகும். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பலருக்கோ தேதி தவறாமல் வந்து உயிரை எடுக்கும். 'எனக்குத்தான் டேட் கரெக்டா வருதே, அப்புறம் என்ன பிரச்னை' என்று இருந்துவிடாதீர்கள்.

ஏன் வருகிறது? மாதவிடாய் ரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது என்று 1920களிலேயே ஜான் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் விளக்கினார். ஆனால், அப்படிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. நோய் சிலருக்குத்தான் வருகிறது. நோய் எதிர்ப்பு சக்தியின் போக்கு, மரபணு, ஹார்மோன் என்று பல காரணங்கள் சேர்கின்றன. சின்ன வயதிலேயே பெரியவளாகிவிட்டவர்கள், 27 நாளுக்கும் குறைவான இடைவெளியில் மாதவிடாய் வருகிறவர்கள், அதிக ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். அம்மாவுக்கோ உடன்பிறந்த அக்காவுக்கோ இருந்தால் இன்னும் பல மடங்கு கூடுதல்.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் ஒவ்வொரு அம்மாவும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். வலியில் துடிக்கும் மகளிடம் நாம் என்ன சொல்கிறோம்? 'எனக்கும் உன் வயசுல இப்படித்தான்டி இருந்துச்சு, சரியாயிடும்.' அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால், அம்மாவுக்கும் இப்படி இருந்திருந்தால் மகளை இன்னும் சீக்கிரம் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றல்லவா அதற்குப் பொருள்! ஆறுதலாக நாம் சொல்லும் அதே வாக்கியம்தான் மருத்துவருக்கு முக்கியமான தகவல். அதை மகளிடம் மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள்.

சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்து, மாடலாகவும் சமையல் நிகழ்ச்சித் தொகுப்பாளராகவும் புகழ்பெற்ற பத்மா லட்சுமிக்கு வலி தொடங்கியது 13 வயதில். இதுதான் நோய் என்று தெரிந்தபோது அவருக்கு 36 வயது. நடுவில் போனது 23 வருடம். பணம், படிப்பு, புகழ் எல்லாம் இருந்தும் இப்படி. மற்ற பெண்களாவது முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும் என்று தனக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவரோடு சேர்ந்து 2009-ல் அமெரிக்க எண்டோமெட்ரியோசிஸ் அறக்கட்டளையைத் தொடங்கினார்.

இங்கிலாந்தில் இரண்டு முறை புக்கர் பரிசு வாங்கிய நாவலாசிரியர் ஹிலாரி மாண்டலுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. கல்லூரி மாணவியாக இருந்தபோதே வலி என்று டாக்டரிடம் போனார். எல்லாம் மனப்பிரச்னை என்று சொல்லி மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். மனநோய்க்குக் கொடுக்கும் கடுமையான மாத்திரைகளைக் கொடுத்தார்கள். அவை அவரை இன்னும் நிலைகுலையச் செய்தன. பிறகு ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானாவில் வாழ்ந்த நாட்களில், ஒரு மருத்துவப் பாடப்புத்தகத்தைத் தானே படித்துத்தான் தன் நோய் இன்னதென்று கண்டுபிடித்தார். லண்டன் திரும்பி 27 வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது கர்ப்பப்பையும் சினைப்பைகளும் போய்விட்டன. குழந்தை பெறும் வாய்ப்பும் அதோடு போனது. 'வலி உன் மனசுலதான்' என்று ஒரு பெண்ணிடம் சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அந்த வார்த்தையை நம் வீட்டுப் பெண்களும் கேட்கிறார்கள்: 'ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறா', 'வேலை செய்யச் சோம்பல்', 'ஓவரா சீன் போடறா.' நடிக்கவில்லை அம்மா, அவள் நடிக்கவில்லை.

எந்த வலி சாதாரணம், எந்த வலிக்கு உஷாராக வேண்டும்? முதல் நாள் அடிவயிற்றில் சின்னதாக இழுத்துப் பிடித்து, வெந்நீர் ஒத்தடத்திலோ ஒரு மாத்திரையிலோ அடங்கி, அன்றாட வேலையைத் தடுக்காமல் போனால் பயப்பட வேண்டாம். பள்ளி, வேலை, தூக்கம் இவற்றில் ஏதாவது ஒன்றைப் பறித்தால் அது சாதாரண வலி இல்லை. தேதிக்குச் சில நாள் முன்பே தொடங்கி, முடிந்த பிறகும் நீடிப்பது. வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போவது. இடுப்பு, தொடை, கால் வரை இறங்குவது. போதிய மாத்திரை போட்டும் அடங்காதது. இவையெல்லாம் எச்சரிக்கை மணி.

அடுத்து, வெட்கப்பட்டு யாரும் சொல்லாத அறிகுறிகள். மாதவிடாய் நாட்களில் மலம் கழிக்கும்போது உயிர்போகும் வலி, அந்த நாட்களில் மட்டும் வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல், சிறுநீர் போகும்போது வலி, வயிறு பானை மாதிரி உப்பிக்கொள்வது, எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி. இவற்றை வாயுத்தொல்லை, உடம்புச் சூடு, சிறுநீர்த் தொற்று என்று தனித்தனியாக வைத்தியம் பார்த்து வருடங்கள் போகின்றன. ஒருவர் இரைப்பை குடல் மருத்துவரிடம் போவார், இன்னொருவர் மோரில் பெருங்காயம் கரைத்துக் குடிப்பார். எல்லாம் மாதாமாதம் அதே தேதியை ஒட்டி வருகிறதே என்று யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

தாம்பத்தியத்தின்போது உள்ளே ஆழத்தில் வலிப்பதும் இந்த நோயின் முக்கியமான அடையாளம். புதிதாகக் கல்யாணமான பெண்கள் இதை அம்மாவிடமும் சொல்ல முடியாமல், கணவனிடமும் சொல்ல முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்கள். கணவர்களே, அவர் விலகிப் போனால் கோபப்படாதீர்கள். விருப்பமில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் 'வலிக்குதாம்மா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுவிட்டு, டாக்டரிடம் கூடவே போங்கள்.

இன்னும் இரண்டு இடங்களில் தனியாக உஷார் தேவை. ஒன்று, சிசேரியன் தழும்பு. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 44.9 சதவிகிதப் பிரசவங்கள் சிசேரியன்தான். அறுவை சிகிச்சை நடந்த இடத்தில் இந்தத் திசு ஒட்டி வளர்வது அரிது. ஆனால், நம் ஊரில் இத்தனை சிசேரியன் நடக்கும்போது அறவே தள்ளிவிட முடியாது. தழும்பு பக்கத்தில் ஒரு சின்னக் கட்டி, மாதவிடாய் நாளில் மட்டும் பெரிதாகி வலிக்கிறது என்றால், அது தையல் கோளாறோ குடலிறக்கமோ என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். மருத்துவரிடம், 'டேட் வரும்போதுதான் வலிக்குது' என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

இன்னொன்று இதைவிடப் பயங்கரம். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாயைத் தழும்பு நெருக்கினால் சிறுநீர் இறங்க வழியின்றிச் சிறுநீரகம் வீங்கும். சில பெண்களுக்கு இதனால் ஒரு வலியும் தெரியாது. சத்தமில்லாமல் ஒரு சிறுநீரகமே செயலிழந்த பிறகு வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தெரியவருவதும் உண்டு. ஆகவே, எண்டோமெட்ரியோசிஸ் ஆழமாக இருக்கிறது என்று தெரிந்தால் சிறுநீரகத்தையும் சேர்த்து ஸ்கேன் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்கேன் விஷயத்தில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. 'ஸ்கேன் பார்த்தாச்சு, எல்லாம் நார்மல், ஒண்ணுமில்ல.' இதைக் கேட்டு நிம்மதியாகத் திரும்பி, பிறகு வருடக்கணக்கில் அவதிப்பட்ட பெண்கள் ஏராளம். வயிற்றின் மேல் ஜெல் தடவி எடுக்கும் சாதாரண ஸ்கேனில் சாக்லேட் சிஸ்ட் தெரியும். வயிற்றின் உட்படலத்தில் பொட்டுப் பொட்டாகப் படர்ந்திருக்கும் சின்னப் புண்கள் தெரியாது. பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன் இன்னும் தெளிவாகக் காட்டும். ஆனால், கல்யாணமாகாத பெண்ணுக்கு அதைச் செய்வதில்லை என்பதுதான் நம் ஊர் வழக்கம். ஆக, மிகச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டிய இளம்பெண்களுக்குத்தான் கண்டுபிடிக்கும் வாய்ப்பு குறைவு. எம்ஆர்ஐ எடுக்கலாம். அதில் தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. முன்பெல்லாம் வயிற்றில் சிறு துளை போட்டு லேப்ராஸ்கோப்பி செய்து உள்ளே பார்த்தால்தான் சிகிச்சை என்றிருந்தது. 2022-ல் வந்த ஐரோப்பிய மருத்துவ நெறிமுறை, அறிகுறிகளை வைத்தே மருந்தைத் தொடங்கிப் பார்க்கலாம், லேப்ராஸ்கோப்பிக்காகக் காத்திருக்க வேண்டாம் என்கிறது. சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனையை வைத்து இந்த நோயை முடிவு செய்யக் கூடாது என்றும் சொல்கிறது.

இனி மாத்திரை விஷயம். திருப்பூர், கோவை பக்கத்து மில்களிலும் பனியன் கம்பெனிகளிலும் வேலை பார்க்கும் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால், பெயரே இல்லாத மாத்திரையை வேலையிடத்தில் கொடுப்பதாக அவர்கள் எல்லாருமே சொன்னார்கள். என்ன மாத்திரை, என்ன பின்விளைவு என்று யாரும் சொல்லவில்லை. மெஷினை விட்டு எழுந்து போகாமல் இருந்தால் போதும். பாதிக்கு மேற்பட்டவர்கள் உடம்பு கெட்டுப்போனதாகவும் சொன்னார்கள். மருத்துவர்கள் அந்த மாத்திரைகளைப் பார்த்தபோது, அவை வலிநிவாரணிகள் என்பது தெரிந்தது. வலியை மறைத்து வேலை வாங்கியாயிற்று. உள்ளே யாருக்கெல்லாம் இந்த நோய் வளர்ந்துகொண்டிருந்ததோ!

மருந்துக்கடையில் 'மெஃப்தால் ஒண்ணு கொடுங்க' என்று கேட்டு வாங்கிப் போடுவது வீட்டுக்கு வீடு நடக்கிறது. அதிலுள்ள மெஃபனாமிக் அமிலத்தால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று இந்திய மருந்துநூல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. மாத்திரை சாப்பிட ஆரம்பித்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, நெறிகட்டுதல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாமாக இதைத் தொடவே கூடாது. டாக்டர் சொன்ன அளவில், சாப்பாட்டுக்குப் பிறகு போடுவதில் தவறில்லை. மாதாமாதம் ஒரு அட்டை காலியாகிறது, இரண்டு போட்டது போய் ஆறு போட வேண்டியிருக்கிறது என்றால், அந்த எண்ணிக்கையே டாக்டரிடம் போக வேண்டிய காரணம்.

சிகிச்சை என்று போனால் பெரும்பாலும் முதலில் ஹார்மோன் மாத்திரை எழுதுவார்கள். டையனோஜெஸ்ட் போன்றவை, அல்லது கருத்தடை மாத்திரை. இங்கேதான் அம்மாக்கள் அதிர்ந்துபோகிறார்கள். 'கல்யாணம் ஆகாத பொண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா?' வலி தரும் திசுவை வளரவிடாமல் அடக்கத்தான் அந்த மாத்திரை. நிறுத்தினால் மாதவிடாயும் கருத்தரிக்கும் திறனும் திரும்பிவிடும். மாத்திரை சாப்பிடும்போது மாதவிடாய் நின்றால், 'கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுமே' என்று இன்னொரு பயம். படலம் தடிக்காததால்தான் உதிரவில்லை. உள்ளே எதுவும் தேங்கவில்லை. ரத்த உறைவு, மைக்ரேன், கல்லீரல் கோளாறு போன்றவை இருந்தால் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

'கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்', 'ஒரு புள்ள பொறந்தா போயிடும்' என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து காது கொடுத்துக் கேட்காதீர்கள். கர்ப்பமாக இருக்கும்போது மாதவிடாய் இல்லாததால் சிலருக்கு வலி குறையலாம். பிறகு திரும்பி வரும். நோய் தீராது. கூடவே, குழந்தையே தங்காமல் போகலாம் என்ற அபாயம் வேறு. இந்த நோயுள்ள பெண்களில் 30 முதல் 50 சதவிகிதம் பேருக்குக் கருத்தரிப்பதில் சிரமம் இருக்கிறது. வலிக்கு வைத்தியம் பார்க்காமல் கல்யாணம் செய்துவைத்துவிட்டு, 'இன்னும் விசேஷம் இல்லையா' என்று அதே பெண்ணைக் குத்திக்காட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம்! அதே சமயம், இந்த நோய் இருந்தும் பாதிக்குப் பாதிப் பேர் குழந்தை பெற்றுக்கொள்கிறார்கள், பலர் எந்த உதவியும் இல்லாமலே. நோய் என்று தெரிந்ததும் இடிந்துபோக வேண்டாம்.

அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடும் முன் நிதானம். சாக்லேட் சிஸ்ட்டை எடுக்கும்போது அதோடு நல்ல சினைமுட்டைகளும் குறையலாம். இரண்டாவது, மூன்றாவது முறை செய்யும்போது இழப்பு இன்னும் அதிகம். எனவே, குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள், முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் பரிசோதனையை முதலில் செய்யச் சொல்லுங்கள். எடுத்தாலும் கட்டி திரும்ப வரலாம், அதைத் தடுக்க மாத்திரை தொடர வேண்டியிருக்கும். இந்த நோயில் அனுபவமுள்ள கையா என்று விசாரியுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

'கர்ப்பப்பையை எடுத்துட்டா தொல்லை விட்டது' என்று அவசரப்படுத்துகிறவர்களிடம் ரொம்ப ரொம்ப ஜாக்கிரதை! நோய் இருப்பது கர்ப்பப்பைக்கு வெளியே. குடல்மேல் இருக்கும் புண்ணை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் வலி அப்படியே இருக்கலாம். தேவையில்லாமல் கர்ப்பப்பையை அகற்றும் அக்கிரமம் பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் ஏழைப் பெண்களுக்கு நடந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இதைத் தடுக்கும் நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். 'மூலிகைப் பொடியில மூணே மாசத்துல கட்டி கரையும்' என்ற வாட்ஸ்அப் விளம்பரங்களையும் நம்பாதீர்கள். இந்த நோயை வேரோடு அழிக்கும் மருந்து இன்றைக்கு எந்த முறையிலும் கிடையாது. அடக்கி வைத்து நல்லபடியாக வாழ முடியும்.

புற்றுநோயா என்ற பயமும் வேண்டாம். இது புற்றுநோய் இல்லை. சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்றே கூடுகிறது, அப்போதும் மிகக் குறைவுதான். டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஸ்கேன் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால், திடீரென்று ஒரு பக்கம் தாங்கமுடியாத வலி, காய்ச்சல், தொடர் வாந்தி, மயக்கம் வந்தால் கட்டி உடைந்திருக்கலாம், சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள்.

இப்போதே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அடுக்களையில் பால் கணக்கு எழுதும் காலண்டரே போதும். மாதவிடாய் தொடங்கிய நாள், முடிந்த நாள், எத்தனை நாப்கின் மாற்றினாள், பத்துக்கு எத்தனை என்று வலியின் அளவு, எத்தனை மாத்திரை, பள்ளிக்கோ வேலைக்கோ போகாத நாள், மலம் சிறுநீர் போகும்போது வலித்ததா. இவ்வளவுதான். இரண்டு மூன்று மாதக் குறிப்போடு மகப்பேறு மருத்துவரிடம் போய், 'இது எண்டோமெட்ரியோசிஸா இருக்குமா டாக்டர்?' என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள். வலி ஏற்கெனவே தாங்கமுடியாத நிலையில் இருந்தால் குறிப்புக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள். 'ஒண்ணுமில்லை, எல்லாருக்கும் இருக்கறதுதான்' என்று அனுப்பினால் வேறு டாக்டரைப் பாருங்கள். காசு இல்லையென்று தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மகப்பேறு பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்கு போன் செய்து கேளுங்கள். அம்மாக்களே, மகள் வலிக்கிறது என்றால் நம்புங்கள், கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள்.